தங்க நூலில் தைத்த வேதாகமம்: இடைக்கால இங்கிலாந்தின் பூசை உடைகள்

கேள்வி இது: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் படம் ஒன்றில், சிவப்பு வெல்வெட்டில் மாதாவையும் மூன்று அரசர்களையும் தங்க நூலால் தைத்த குருவானவர் உடை ஒன்றைப் பார்த்தேன். ஏறத்தாழ 700 ஆண்டு பழையது என்று போட்டிருந்தது. இதையெல்லாம் கன்னியர் மடங்களில்தான் தைத்தார்களா? நிஜத் தங்கமா? ஏன் ஓரமெல்லாம் வெட்டி ஒட்டுப்போட்டது போல இருக்கிறது?

நீங்கள் பார்த்தது சிசெஸ்டர்-கான்ஸ்டபிள் பூசை அங்கியாகத்தான் இருக்க வேண்டும். 1330க்கும் 1350க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்தது. 1927ல் அந்த அருங்காட்சியகத்துக்கு வந்தது. முதுகுப் பக்கத்தில் கீழிருந்து மேலாக மூன்று காட்சிகள் ஏறிப்போகும். கபிரியேல் தூதர் மரியாளுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை, குழந்தை இயேசுவை வணங்கும் மூன்று அரசர்கள், உச்சியில் விண்ணகத்தில் மரியாளுக்கு முடிசூட்டு விழா. ஒவ்வொரு காட்சிக்கும் ஓக் மரக்கிளைகளே வளைந்து தோரணமாகி நிற்கும். கிளைகளில் ஓக் காய்கள், அவற்றுக்கு நடுவே கிளிகள்.

உங்கள் கேள்விகளுக்கு முதலில் சுருக்கமான பதில். இந்தத் தரத்திலான வேலையில் பெரும்பகுதி லண்டன் பட்டறைகளில் கூலிக்கு வேலை பார்த்த ஆண்களும் பெண்களும் செய்தது. தங்கம் நிஜம்தான், ஆனால் வெள்ளிமேல் பூசிய தங்கம். வெட்டும் ஒட்டும் பின்னால் வந்தவர்கள் செய்த வேலை. இந்த மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஒரு தையல் முறை. அது புரிந்தால், போப்பாண்டவர்கள் இந்தத் துணிகளுக்கு ஏன் ஆசைப்பட்டார்கள், ஏன் இவ்வளவு விலை, பிறகு ஏன் அப்படியே நின்றுபோனது என்று எல்லாமே புரிந்துவிடும் என்பது என் எண்ணம். அதனால் அந்தத் தையலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இரண்டு உடைகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, பூசை வைக்கும்போது குருவானவர் எல்லா உடைகளுக்கும் மேலே தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் அங்கி. இன்று நம் ஊர்க் கோயில்களிலும் காண்பதுதான். இடைக்காலத்தில் அது மணி போல நாலாபுறமும் விரிந்து தொங்கும். இன்னொன்று 'கோப்'. அரைவட்டமாக வெட்டிய பெரிய போர்வை. தோளில் போர்த்தி மார்பில் கொக்கி மாட்டுவார்கள். பவனி, மாலை வழிபாடு போன்ற நேரங்களில் அணிவது. அந்தக் காலத்தில் குரு பீடத்தைப் பார்த்து நின்று பூசை வைப்பார், மக்களுக்குத் தெரிவது அவர் முதுகுதான். பவனியில் அவர் கடந்து போன பிறகும் தெரிவது முதுகுதான். அதனால் முக்கியமான படம் எப்போதும் முதுகில் இருக்கும்.

சரி, தையலுக்கு வருவோம். கல்யாண பிளவுசுக்கு ஆரி வேலை செய்யும் இடத்தில் பார்த்திருப்பீர்கள்: ஜரிகையைத் துணிமேல் படுக்கவைத்து, அதன்மேல் மெல்லிய நூலால் அங்கங்கே கட்டுப்போடுவார்கள். உலோகம் சுற்றிய இழையைத் துணிக்குள் விட்டு விட்டு இழுத்தால் பிய்ந்துபோகும், பாதித் தங்கம் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் வீணாகும் என்பதால்தான் இந்த முறை. ஐரோப்பாவிலும் பல இடங்களில் இப்படித்தான் செய்தார்கள். இதில் ஒரு குறை உண்டு. கட்டுநூல் மேலே தெரியும். உரசலில் முதலில் அறுவதும் அதுதான். ஒரு கட்டு அறுந்தால் தங்க இழை தூக்கிக்கொண்டு நிற்கும்.

இங்கிலாந்துக்காரர்கள் கட்டை அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். தங்க இழை துணியின் மேல் கிடக்கும். உறுதியான லினன் நூல் துணிக்கு அடியில் ஓடும். ஊசி அடியிலிருந்து மேலே வந்து, தங்க இழையைச் சுற்றி, வந்த துளை வழியாகவே திரும்ப இறங்கும். இப்போது அடியில் இருக்கும் நூலைச் சுண்டினால், தங்க இழையும் ஒரு மயிரிழை அளவு அந்தத் துளைக்குள் மடிந்து இறங்கிவிடும். லினன் நூல் அடியிலேயே நின்றுவிடும். அடுத்த துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி. மறுபடியும் மேலே, சுற்று, கீழே, சுண்டு. இப்படியே ஒரு கோப்பின் பின்னணி முழுக்க. இதற்கு 'அண்டர்சைடு கௌச்சிங்' என்று பெயர்.

இதில் கிடைக்கும் பலன் மூன்று. மேலே கட்டுநூலே தெரியாததால் பார்வைக்கு இடைவெளியே இல்லாத தங்கத் தகடு. கட்டு அடியில் ஒளிந்திருப்பதால் உரசலில் அறுவதில்லை. 700 ஆண்டு தாண்டி இந்தத் தங்கம் துணியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான். மூன்றாவதுதான் மிகப் பெரியது. தங்க இழை உள்ளே மடிந்து இறங்கும் ஒவ்வொரு துளையும் ஒரு குட்டிக் கீல். துணி அந்த இடத்தில் மடியும். தங்கத்தால் மூடிய துணி பலகை போல விறைத்து நிற்காமல், உடுத்தியவர் நடக்கும்போது அவரோடு சேர்ந்து அசையும். துளைகளை எந்த வரிசையில் வைக்கிறோமோ அதற்கேற்ப தங்கப் பரப்பில் அம்புமுனை வரிசையோ கட்டங்களோ எழும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவர் அதைப் போர்த்திக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் தங்கம் வெவ்வேறு இடத்தில் பற்றி எரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டையாக விரித்து வைத்ததைப் பார்க்கிற நமக்கு இது தெரிவதே இல்லை. இந்த உடைகள் நகர்வதற்கென்றே செய்யப்பட்டவை.

இழை எப்படிச் செய்தார்கள் என்றால், வெள்ளிமேல் தங்கம் பூசி, மெல்லிய தகடாக அடித்து, நூல் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டி, பட்டு இழைமேல் சுருட்டுவார்கள். உள்ளே மஞ்சள் பட்டு இருந்தால் கீற்றுக்கு இடையில் தெரியும் சந்தும் தங்க நிறமாகவே தோன்றும். இதற்கு முந்தைய காலத்தில் சொக்கத் தங்கத்தையே கீற்றாக வெட்டிச் சுருட்டியதும் உண்டு. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃப்ளாட் என்ற அரசி வின்செஸ்டர் ஆயர் ஃபிரிதெஸ்தானுக்காகத் தைக்கச் சொன்ன கழுத்துப் பட்டை அப்படிப்பட்டது. தைக்கச் சொன்னவர் பெயரும் பெறுபவர் பெயரும் அதிலேயே எழுத்தாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. நெடிய தீர்க்கதரிசிகள் வரிசையாக நிற்கும் அந்தப் பட்டை 1827ல் டர்ஹாம் பேராலயத்தில் புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது. நீங்கள் பார்த்த அங்கிக்கு 400 ஆண்டு மூத்தது. அந்த மண்ணில் இந்தத் திறமை எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தங்கம் பின்னணிக்கும் ஆடைகளுக்கும். முகம், கை, கால், தலைமுடி எல்லாம் பட்டு நூல். அதற்கு 'ஸ்ப்ளிட் ஸ்டிச்': ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் நூலை நடுவில் பிளந்துகொண்டு மேலே வரும். அதனால் கோடு பேனாவால் இழுத்தது போல அறுபடாமல் ஓடும். படத்தைப் பெரிதாக்கி ஒரு முகத்தின் கன்னத்தைப் பாருங்கள். தையல் நேராக ஓடாது. கன்னத்தின் நடுவில் ஒரு புள்ளியில் தொடங்கி, சுழித்துச் சுழித்து வெளியே வந்து, தாடையை அடையும். முழுக்க ஒரே வெள்ளைப் பட்டு. நிழலுக்கென்று வேறு நிறம் எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் கன்னம் உப்பித் தெரியும், ஏனென்றால் சுழிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் பட்டின் பளபளப்பு வேறு திசையில் அடிக்கிறது. ஓவியர் நிறத்தால் செய்வதை இவர்கள் நூல் போகும் திசையாலேயே செய்துவிட்டார்கள். கிழவர்களின் தாடியைப் பார்த்தால் சுருள் சுருளாக, ஒரு கற்றை ஒரு நிறம், அடுத்த கற்றை இன்னொரு நிறம்.

துணியில் முதலில் படம் வரைந்தவர்கள் பெரும்பாலும் ஓவியர்கள். வேதாகமத்துச் சங்கீதங்களை எழுதிவைத்த அந்தக் காலத்துப் புத்தகங்களின் ஓவியங்களில் வரும் அதே வளைந்த இடுப்பு, அதே பெரிய கண்கள், அதே சட்டகங்கள் இந்தத் துணிகளிலும் வருகின்றன. கறுப்பு, பழுப்புப் பட்டுக்குப் போட்ட சாயம் காலப்போக்கில் நூலையே அரித்துவிடும். அப்படிக் கொட்டிப்போன இடங்களில் லினன் துணிமேல் மையால் இழுத்த கோடு வெளியே தெரியும். ஓவியரின் கையை நேரடியாகப் பார்க்கிற வாய்ப்பு அது. எனக்கு அந்த இடங்கள் மிகவும் பிடிக்கும்.

வெல்வெட் வந்ததும் ஒரு சிக்கல். மயிர்போன்ற அதன் பரப்பில் கோடு வரைய முடியாது, தையலும் புதைந்துபோகும். அதற்கு வெல்வெட்மேல் ஒரு மெல்லிய துணியை வைத்து, அதில் வரைந்து, இரண்டையும் சேர்த்துத் தைத்து, பிறகு வெளியே நிற்கும் மெல்லிய துணியை வெட்டி எடுத்துவிட்டார்கள். நீங்கள் பார்த்த அங்கி இந்தக் காலத்தது. அதன் நெருங்கிய உறவு ஒன்று லண்டனில் இருக்கிறது: பட்லர்-போடன் கோப். அதே சிவப்பு வெல்வெட், அதே மாதா காட்சிகள்.

இந்த வேலைக்கு ஐரோப்பா முழுக்க 'ஓபஸ் ஆங்கிலிகானும்', அதாவது 'இங்கிலாந்து வேலை', என்றே பெயர் ஆனது. எந்த அளவுக்கு மதிப்பு என்றால், 1295ல் வாத்திக்கான் கருவூலத்துக்கு எடுத்த பட்டியலில் அந்தப் பெயரோடு நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் இருக்கின்றன.

புனித ஆல்பன்ஸ் மடத்துத் துறவியும் வரலாற்று எழுத்தாளருமான மத்தேயு பாரிஸ் 1246ஆம் ஆண்டுக் குறிப்பில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். போப் நான்காம் இன்னொசென்ட் அப்போது ரோமில் இல்லை, பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கோடு சண்டை முற்றியதால் பிரான்சின் லியோனில் தங்கியிருந்தார். அங்கே வந்த இங்கிலாந்துக் குருக்களின் உடையில் தங்க வேலையைப் பார்த்து, எங்கே செய்தது என்று விசாரித்தாராம். இங்கிலாந்தில் என்றார்கள். "இங்கிலாந்து நமக்கு இன்பத் தோட்டம்தான், வற்றாத கிணறுதான்" என்று சொல்லிவிட்டு, இங்கிலாந்தில் இருந்த சிஸ்டர்சியன் துறவு சபையின் மடத்துத் தலைவர்களுக்கெல்லாம் இப்படிப்பட்ட தங்க வேலை வேண்டுமென்று கடிதம் எழுதினாராம். லண்டன் வணிகர்களுக்கு இதில் வருத்தமே இல்லை, தாங்கள் சொன்ன விலைக்கு விற்றார்கள் என்று மத்தேயு முடிக்கிறார். ரோமின் பணத்தாசைமேல் அவருக்கு எப்போதும் கோபம் உண்டு, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனால் கடைசி வரி கவனிக்க வேண்டியது. போப் எழுதியது மடங்களுக்கு. சரக்கு வந்தது லண்டன் வணிகர்களிடமிருந்து.

உங்கள் முதல் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. மடங்களில் கன்னியர் தைத்தார்கள், அது உண்மை. ஆனால் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அரசர்களும் ஆயர்களும் போப்புகளும் வாங்கிய பெரிய உருப்படிகள் நகரத்துத் தொழில். வணிகர் முதல் போட்டுத் தங்க இழை, பட்டு, முத்து வாங்கித் தருவார். பட்டறையில் வேலை நடக்கும். ஆதாம் தெ பேசிங் என்ற லண்டன் துணி வியாபாரி மூன்றாம் ஹென்றி அரசருக்கு இப்படிப்பட்ட உடைகளை விற்றவர்; 1251ல் அவர் லண்டன் மேயர். தொழில் எவ்வளவு செழிப்பாக நடந்தது என்பதை அதிலிருந்தே யூகிக்கலாம்.

பெண்களின் பெயர்களும் அரசக் கணக்குகளில் அங்கங்கே தலைகாட்டுகின்றன. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரைச் சேர்ந்த மேபல் என்பவர் 1239லிருந்து 1244 வரை மூன்றாம் ஹென்றிக்கு வேலை செய்தார். பூசை அங்கி, பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்கு மாதாவும் புனித யோவானும் உள்ள ஒரு கொடி. அதன் பிறகு கணக்கில் அவரைக் காணோம். 1256ல் அரசர் பரி ஊருக்குப் போயிருந்தபோது, எங்களுக்கும் அரசிக்கும் நெடுங்காலம் கோயில் வேலைப்பாடுகள் செய்து தந்தவர் என்று சொல்லி, மேபலுக்கு 6 அளவு துணியும் முயல் ரோமம் வைத்த மேலங்கியும் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டிருக்கிறார். இவ்வளவு ஆண்டு கழித்து ஓர் அரசர் ஒரு தையல்காரியை நினைவு வைத்துக் கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மேபலின் கையால் செய்ததாக அடையாளம் காட்டக்கூடிய ஒரு துண்டுகூட இன்று இல்லை.

1317ஆம் ஆண்டுக் கணக்கில் ரோஸ் என்ற பெண் வருகிறார். லண்டன் வணிகர் ஜான் தெ பர்ஃபோர்டின் மனைவி. அரசி இசபெல்லா போப்புக்குப் பரிசளிக்க அவரிடம் ஒரு கோப் வாங்கியதற்கு 100 மார்க் என்று எழுதியிருக்கிறது. ஒரு மார்க் என்பது ஒரு பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தப் பணம் அன்று எவ்வளவு பெரியது என்று புரிய இன்னொரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் பீடத்துக்கு முன்னால் தொங்கவிட 1271ல் முடித்த துணியில் 4 பெண்கள் மூன்றே முக்கால் ஆண்டு வேலை செய்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கூலி 36 பவுண்டு. தங்கம், முத்து, எனாமல் பதித்த தகடுகள் என்று பொருட்களுக்குப் போனது அதைப்போலப் பல மடங்கு. அந்தத் துணியும் இன்று இல்லை.

இனி ஒரே ஓர் உடையை நிதானமாகப் பார்ப்போம். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள சையன் கோப். 1300க்கும் 1320க்கும் இடையில் செய்தது. ஏறத்தாழ 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம். துணி லினன்தான், ஆனால் ஓர் அங்குலம்கூட வெறுமனே இல்லாமல் மூடித் தைத்திருக்கிறார்கள். நாலு இதழ்ப் பூ வடிவச் சட்டகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அரைவட்டம் முழுக்கப் பரவும், ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி. முதுகின் நடுவில் மேலிருந்து கீழாக மரியாளின் முடிசூட்டு, அதன் கீழே சிலுவை, அதன் கீழே நாகத்தை ஈட்டியால் குத்தும் அதிதூதர் மிக்கேல். சுற்றிலும் அப்போஸ்தலர்கள். பேதுருவுக்குச் சாவி, பவுலுக்கு வாள், தோலுரித்துக் கொல்லப்பட்ட பர்த்தலமேயுவுக்குக் கத்தி, யாத்திரைக்காரராக யாக்கோபுக்குத் தடியும் பையும். எழுத்துத் தெரியாதவரும் கையிலுள்ள பொருளை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். சட்டகங்களுக்கு இடையில் மிஞ்சிய சந்துகளில் ஆறு சிறகுள்ள சேராபீன் தூதர்கள், தீர்க்கதரிசி எசேக்கியேல் கண்ட காட்சியில் வருவது போலச் சக்கரங்களின் மேல் நிற்கிறார்கள்.

உயிர்த்த இயேசுவின் விலாக் காயத்தில் கைவைத்துப் பார்க்கும் தோமாவும் இதில் இருக்கிறார். மயிலாப்பூருக்கும் பரங்கிமலைக்கும் வந்ததாக நாம் சொல்லிக்கொள்ளும் அதே தோமாதான். அந்தக் காட்சிக்கு வந்தால் நம் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

படத்தில் இந்தக் கோப்பைப் பார்ப்பவர்கள் பலர், ஓரங்களில் உள்ள உருவங்கள் ஏன் சாய்ந்து படுத்திருக்கின்றன என்று கேட்பார்கள். விரித்து வைத்தால் அப்படித்தான் தெரியும். அரைவட்டத்தைத் தோளில் போர்த்தி முன்னால் சேர்த்தால் இரண்டு ஓரங்களும் கீழ்நோக்கி வந்துவிடும், எல்லா உருவங்களும் நிமிர்ந்துவிடும். வரைந்தவர் கணக்கு முழுக்கப் போர்த்திய நிலைக்கானது. பார்ப்பவர் யார், எந்தத் தூரத்திலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து என்று யோசித்துத்தான் ஒவ்வொரு அப்போஸ்தலருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மற்ற உடைகளில் வரும் காட்சிகளையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதே அருங்காட்சியகத்தில் நீலப் பட்டில் செய்த கிளேர் அங்கி இருக்கிறது. முதுகில் சிலுவை, மாதாவும் குழந்தையும், பேதுருவும் பவுலும், கல்லெறிந்து கொல்லப்படும் ஸ்தேவான். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஸ்டீப்பிள் ஆஸ்டன் ஊர்க் கோப்பில் ஒரு சம்மனசு, அதாவது வானதூதர், குதிரைமேல் உட்கார்ந்து லூட் என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டு போகும். வேதசாட்சிகளின் கொடூரமான சாவுகளுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு மகிழ்ச்சி. இத்தாலியின் பொலோஞா கோப்பிலும் வாத்தியம் வாசிக்கும் சம்மனசுகள் உண்டு.

சரி, இவ்வளவு பெரிய தொழில் எப்படி நின்றது? 1348ல் வந்த கொள்ளைநோயை எல்லாரும் காரணமாகச் சொல்வார்கள். லண்டனில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள், பட்டறைகளும் தப்பவில்லை, அது உண்மை. ஆனால் நோய் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெல்வெட் வந்ததுமே பின்னணியைத் தங்கத்தால் மூட வேண்டிய தேவை குறைந்துவிட்டது, துணியே அழகு. இத்தாலியிலிருந்து தறியிலேயே பூவும் தங்கமும் போட்டு நெய்த பட்டு வர ஆரம்பித்தது. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து தைக்கிற வேலைக்குக் காத்திருக்கும் பொறுமை வாங்குபவர்களிடமும் குறைந்தது. அதன் பிறகு செய்தவற்றைப் பார்த்தால், உருவங்களைத் தனியாக லினன் துணியில் தைத்து, வெட்டி, வெல்வெட்மேல் ஒட்டித் தைத்திருப்பார்கள். கட்டு மேலே தெரியும் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். அடிப்பக்கக் கட்டு முறை அப்படியே கைவிட்டுப்போனது.

இருந்தவை அழிந்த கதை இன்னும் கொடியது. எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் மடங்களை மூடினார். அவர் மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில் 1552ல் வந்த வழிபாட்டுப் புத்தகம், குருவானவர் கோப்போ பூசை அங்கியோ அணியவே கூடாது என்று சொல்லிவிட்டது. அரசு அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்க் கோயில் பொருட்களைப் பட்டியல் எடுத்துப் பறிமுதல் செய்தார்கள். எம்பிராய்டரித் துணியை எரித்தால் பட்டும் லினனும் சாம்பலாகும், வெள்ளியும் தங்கமும் மிஞ்சும். மேபல் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் குனிந்து துளைபோட்டு இறக்கிய தங்கத்தை அப்படி எரித்து எடுத்தார்கள். எரியாதவை மெத்தை உறையாகவும் கட்டில் விரிப்பாகவும் ஆயின. டெர்பிஷயரின் ஹார்ட்விக் மாளிகையில் பெஸ் என்ற சீமாட்டி 1570களில் செய்வித்த சுவர்த் திரைகள் இன்றும் இருக்கின்றன: பெனலோப்பி, லுக்ரீசியா, செனோபியா என்று பழங்காலத்துப் பெண்களின் உருவங்கள். அவர்கள் உடுத்தியிருப்பது மடங்களிலிருந்து வந்த பூசை உடைகளை வெட்டிய துண்டுகள்.

பழைய நம்பிக்கையை ரகசியமாகக் காத்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவற்றை ஒளித்து வைத்தன. ஒளிப்பதற்காகவும், பின்னால் மாறிய உடை வடிவத்துக்காகவும், அவர்களும் வெட்டினார்கள். மணி போன்ற அகலமான அங்கியின் பக்கங்களை வெட்டிக் குறுக்கினார்கள். வெட்டிய துண்டிலிருந்து கழுத்துப் பட்டையும் கைப்பட்டையும் செய்தார்கள். பட்லர்-போடன் கோப்பையே பல துண்டாக வெட்டி வேறு வேறு உடைகளாக மாற்றியிருந்தார்கள், பிற்காலத்தில்தான் மறுபடியும் ஒன்று சேர்த்துத் தைத்தார்கள். நீங்கள் பார்த்த சிசெஸ்டர்-கான்ஸ்டபிள் அங்கியிலும் ஓரத்தில் உருவங்கள் பாதியில் அறுபட்டு நிற்பது இதனால்தான். அது அசிங்கமாகத் தெரிந்தால், வெட்டாதவற்றில் பெரும்பகுதி எரிந்துபோனது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சையன் கோப் தப்பியது வேறு வழியில். 1415ல் ஐந்தாம் ஹென்றி நிறுவிய சையன் மடத்துக் கன்னியர், எலிசபெத் ராணி காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறி, ஃபிளாண்டர்ஸ், பிரான்ஸ் என்று அலைந்து 1594ல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார்கள். கோப் அவர்களிடம் பத்திரமாக இருந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1864ல் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

முழுசாகப் பிழைத்த மற்றவை பெரும்பாலும் இங்கிலாந்தைவிட்டு முன்பே வெளியே போனவைதான். போப் நான்காம் நிக்கோலாஸ் 1288ல் தன் சொந்த ஊர்ப்பக்கத்து அஸ்கோலி பிச்சேனோ பேராலயத்துக்கு ஒரு கோப் கொடுத்தார். அதில் வரிசை வரிசையாகப் போப்புகளின் உருவங்கள். ஐந்தாம் கிளமெண்ட் 1309ல் தான் முன்பு ஆயராக இருந்த பிரான்சின் செயின்ட் பெர்ட்ராண்ட் தெ கொமிஞ்சுக்குக் கொடுத்தார். இரண்டாம் பயஸ் 1462ல் தன் ஊரான பியென்சாவுக்குக் கொடுத்தார். ஸ்பெயினில் தொலேதோ பேராலயத்தில் ஒன்று இருக்கிறது. அஸ்கோலி கோப்புக்கு மட்டும் இன்னொரு கண்டம் வந்தது. 1902ல் அது திருடுபோய், அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜே. பி. மோர்கன் கைக்குப் போனது. அவர் வாங்கியது லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது எங்கேயிருந்து வந்தது என்பது வெளிச்சமானது. மோர்கன் 1904ல் அதை இத்தாலிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம்தான் முதல் இடம். 2016 அக்டோபரிலிருந்து 2017 பிப்ரவரிவரை அங்கே நடந்த கண்காட்சியில் பல நாடுகளிலிருந்து இவை ஒன்றாக வந்து சேர்ந்தன. இத்தாலிப் பக்கம் போனால் அஸ்கோலி, பியென்சா, பொலோஞா மூன்றையும் ஒரே பயணத்தில் வைத்துக்கொள்ளலாம். பட்டுச் சாயம் வெளுத்துவிடும் என்பதால் கூடத்தில் வெளிச்சம் மிகக் குறைவாக வைத்திருப்பார்கள். உள்ளே போனதும் ஒன்றும் தெரியவில்லையே என்று நகர்ந்துவிடாதீர்கள், கண் பழகச் சில நிமிடம் கொடுங்கள். பிறகு பெட்டிக்கு முன்னால் நின்ற இடத்திலிருந்து மெதுவாக இடமும் வலமும் நகருங்கள். உடை நகரவில்லை என்றாலும் நீங்கள் நகர்ந்தால் தங்கம் மின்னும், அப்போதுதான் பின்னணியில் உள்ள அம்புமுனை வரிசைகள் கண்ணுக்குப் பிடிபடும். போக முடியாதவர்கள் இரண்டு அருங்காட்சியகங்களின் இணையப் படங்களையும் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சையன் கோப்பில் மிக்கேலின் முகத்தில் தொடங்குங்கள். அப்புறம் உங்கள் சிவப்பு அங்கிக்கு வந்து, மூன்று அரசர்களின் தாடியிலும் கன்னத்திலும் நூல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பின்தொடர்ந்து போங்கள்.